ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு போதுமா?
(பிரிட்டன் நாட்டு மக்கள் கருத்துக்கணிப்புகள் வணிகர்களுக்குச் சொல்லும் பாடம்)

நமது மண்டிக்கு ஒரு லாரி துவரம்பருப்பு வந்து இறங்குகிறது. நூறு மூட்டைகளையும் அவிழ்த்துக் கொட்டிப் பார்த்தா நாம் விலை பேசுகிறோம்? குத்தூசியை எடுத்து மேல் அடுக்கில் இரண்டு, நடுவில் மூன்று, அடியில் இரண்டு என்று குத்தி, வந்து விழும் பருப்பை உள்ளங்கையில் வைத்து நிறம் பார்த்து, பல்லில் கடித்து ஈரம் பார்த்து, விலையைச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் நாம் ஏமாறுவதில்லை. ஏமாந்த நாட்களை எண்ணிப் பார்த்தால், மூட்டையின் வாய்ப்பக்கம் மட்டும் குத்திய நாட்களாகத்தான் அவை இருக்கும்.

இதே வேலையை மூட்டைகளுக்குப் பதிலாக மனிதர்களிடம் செய்வதற்குத்தான் மக்கள் கருத்துக்கணிப்பு என்று பெயர். கோடிக்கணக்கான மக்களின் மனத்தில் இருப்பதை ஆயிரம் பேரிடம் கேட்டு அறிந்துவிடலாம் என்பது அதன் அடிப்படை. தேர்தல் காலங்களில் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் இவற்றைப் பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிவிட்டது. ஆனால் இந்தத் தொழிலை எண்பது ஆண்டுகளுக்கு மேலாக நடத்தி, பலமுறை வென்று, சிலமுறை நாடே சிரிக்கும்படி தோற்று, தோற்றபோதெல்லாம் விசாரணைக் குழு அமைத்துக் காரணம் தேடிய நாடு பிரிட்டன். அந்த அனுபவத்தில் வணிகர்களாகிய நமக்கும் பாடம் இருக்கிறது என்பதால் இக்கட்டுரையை எழுத முன்வந்தோம்.

லண்டனில் ஓர் இரவு

2015-ஆம் ஆண்டு மே மாதம் நாம் லண்டனில் மகள் வீட்டில் தங்கியிருந்தோம். அந்த மாதம் 7-ஆம் தேதி அங்கே பொதுத்தேர்தல். அதற்கு முந்தைய பல வாரங்களாக எந்தப் பத்திரிகையைப் புரட்டினாலும் ஒரே செய்திதான். பழமைவாதக் கட்சியும் தொழிற்கட்சியும் சமபலத்தில் இருக்கின்றன, எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காது, கூட்டணி ஆட்சிதான் என்று எழுதித் தள்ளினார்கள். அத்தனை கருத்துக்கணிப்பு நிறுவனங்களும் ஏறத்தாழ அதையே சொல்லின.

இரவு 10 மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தது. அந்த நொடியே தொலைக்காட்சியில் வேறு ஒரு கணக்கை அறிவித்தார்கள். வாக்களித்து வெளியே வந்தவர்களிடம் எடுத்த கணிப்பு அது. பழமைவாதக் கட்சிக்கு 316 இடங்கள் என்றது. ஸ்டூடியோவில் இருந்த லிபரல் டெமாக்ரட் கட்சியின் முன்னாள் தலைவர் பாடி ஆஷ்டவுன், இது உண்மையானால் என் தொப்பியையே தின்கிறேன் என்று சவால் விட்டார். மறுநாள் முடிவு வந்தபோது, சபாநாயகரையும் சேர்த்து அக்கட்சிக்கு 331 இடங்கள். வாக்குகளில் பழமைவாதக் கட்சிக்கு 100-க்கு சுமார் 37, தொழிற்கட்சிக்கு சுமார் 30. சமபலம் என்று சொன்ன அத்தனை கணக்கும் பொய்த்துப்போனது.

நமது மருமகன் சிரித்துக்கொண்டே, "மாமா, உங்கள் குத்தூசியைக் கொண்டுவந்திருந்தால் இவர்களுக்குக் கொடுத்திருக்கலாம்" என்றார். வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் அன்று முதல் இந்த விஷயம் நம் மனத்தில் ஒட்டிக்கொண்டது. நூறு மூட்டைச் சரக்கை ஏழு குத்தில் சரியாகச் சொல்லும் நமக்கு, படித்த நிபுணர்கள் எங்கே தவறினார்கள் என்று தெரிந்துகொள்ள ஆவல் வந்தது.

தொழில் பிறந்த கதை

இந்தத் தொழிலுக்கு வித்திட்டவர் அமெரிக்கரான ஜார்ஜ் கேலப். 1936-இல் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் ஒரு பெரிய வாரப் பத்திரிகை 1 கோடி பேருக்கு அஞ்சலட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. அதை எண்ணிப் பார்த்து ரூஸ்வெல்ட் தோற்பார் என்று அப்பத்திரிகை அறிவித்தது. அதைவிட மிகக் குறைந்த பேரை மட்டும் பார்த்துப் பொறுக்கிக் கேட்ட கேலப், ரூஸ்வெல்ட் வெல்வார் என்றார். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். பத்திரிகை அட்டை அனுப்பியது பெரும்பாலும் தொலைபேசியும் மோட்டார் காரும் வைத்திருந்த வசதியானவர்களுக்கு. அதிலும் பதில் போட வேண்டும் என்று ஆத்திரம் உள்ளவர்கள் மட்டுமே பதில் போட்டார்கள். ஆயிரம் மூட்டை குத்தினாலும் ஒரே தோட்டத்துச் சரக்கையே குத்தினால் என்ன பயன்?

மறு ஆண்டே, 1937-இல், கேலப்பின் முறை பிரிட்டனுக்கு வந்தது. ஹென்றி டுராண்ட் என்பவர் அதை அங்கே நடத்தினார். 1938-இல் மேற்கு ஃபுல்ஹாம் இடைத்தேர்தலில் தொழிற்கட்சி வேட்பாளர் எடித் சம்மர்ஸ்கில் வெல்வார் என்று அவர் கணித்தது அப்படியே பலித்தது.

ஆனாலும் மக்கள் நம்பவில்லை. 1945-இல் இரண்டாம் உலகப் போர் ஐரோப்பாவில் முடிந்த கையோடு அங்கே பொதுத்தேர்தல் நடந்தது. போரை வென்று கொடுத்த சர்ச்சில் தோற்பார் என்று யாராவது சொன்னால் பைத்தியம் என்பார்கள். தொழிற்கட்சி முந்துகிறது என்று கேலப் கணிப்பு சொன்னது. நியூஸ் கிரானிக்கிள் பத்திரிகையில் அது வெளிவந்தது. எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. போர்முனையில் இருந்த சிப்பாய்களின் வாக்குகள் வந்து சேர வேண்டியிருந்ததால் மூன்று வாரம் கழித்து ஜூலை 26-இல் பெட்டிகளைத் திறந்தார்கள். தொழிற்கட்சிக்கு 393 இடங்கள். சர்ச்சில் பதவி இழந்தார். பெரிய மனிதர்களின் அனுமானத்தைவிட, வீட்டுக்கு வீடு சென்று கேட்டவனின் நோட்டுப் புத்தகம் சரியாக இருந்தது.

சறுக்கிய இடங்கள்

அதன் பிறகு கருத்துக்கணிப்பு நல்ல வியாபாரமாயிற்று. உண்மையில் அந்த நிறுவனங்களுக்கு வருமானம் தருவது அரசியல் அன்று. சோப்பு, தேயிலை, பிஸ்கட் கம்பெனிகளுக்காகச் செய்யும் சந்தை ஆய்வுதான். தேர்தல் கணிப்பு அவர்களுக்கு ஷோகேஸில் வைக்கும் சரக்கு. அது பலித்தால் கடைக்கே பெயர்; பொய்த்தால் கடைக்கே இழுக்கு.

இழுக்கு மூன்று முறை பெரிதாக வந்தது. 1970-இல் தொழிற்கட்சியின் ஹரால்டு வில்சன் வெல்வார் என்று ஒரு நிறுவனம் தவிர மற்றவை சொல்ல, எட்வர்டு ஹீத் 30 இடப் பெரும்பான்மையில் வென்றார். கடைசி நாட்களில் மக்கள் மனம் மாறியதை, ஏற்கெனவே கேட்டவர்களிடமே மீண்டும் சென்று கேட்ட அந்த ஒரே நிறுவனம்தான் கண்டுகொண்டது. சந்தை நிலவரம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்பது நமக்குத் தெரியாததா?

1992-இல் கடைசிக் கணிப்புகள் தொழிற்கட்சி ஒரு மயிரிழை முன்னே என்றன. பழமைவாதக் கட்சியின் ஜான் மேஜர் ஏழு சதவீதத்துக்கும் மேல் முந்தி வென்றார். இதை விசாரித்த சந்தை ஆய்வுச் சங்கத்தின் குழு 1994-இல் அறிக்கை தந்தது. கடைசி நேர மாற்றம் ஒரு காரணம். ஆட்களைப் பொறுக்கிய முறையில் இருந்த கோளாறு இன்னொன்று. பழமைவாதக் கட்சிக்கு வாக்களிப்பவர்கள் அதை வெளியே சொல்லக் கூசியது மூன்றாவது. அந்தக் கட்சிக்கு வாக்களிப்பேன் என்றால் சுயநலக்காரன் என்று எண்ணுவார்களோ என்ற தயக்கம். கடன் எவ்வளவு இருக்கிறது என்று நாலு பேர் முன்னால் கேட்டால் யார் உண்மை சொல்வார்?

மூன்றாவது, நாம் நேரில் கண்ட 2015. அதிலும் ஒரு சம்பவம் நம் மனத்தைத் தொட்டது. தேர்தலுக்கு முன்தினம் ஒரு நிறுவனம் தொலைபேசியில் எடுத்த கணிப்பில் பழமைவாதக் கட்சிக்கு 37, தொழிற்கட்சிக்கு 31 என்று வந்திருந்தது. ஏறத்தாழ அப்படியே பலித்த கணக்கு அது. மற்ற அனைவரும் சமம் என்று சொல்லும்போது நாம் மட்டும் மாற்றிச் சொல்வதா என்று அஞ்சி அதை வெளியிடாமல் விட்டதாக அந்நிறுவனத் தலைவரே பின்னர் ஒப்புக்கொண்டார். பக்கத்து மண்டி சொன்ன விலையைக் கேட்டு, கையில் இருந்த நல்ல சரக்கைக் குறைத்துச் சொன்ன கதை!

வீட்டில் இருப்பவரும் இல்லாதவரும்

2015 தோல்வியை விசாரிக்கப் பேராசிரியர் பாட்ரிக் ஸ்டர்ஜிஸ் தலைமையில் குழு அமைந்தது. 2016-இல் அறிக்கை வந்தது. மக்கள் கடைசி நேரத்தில் பெரிதாக மாறவில்லை, பெரிதாகப் பொய் சொல்லவும் இல்லை, தவறான ஆட்களைக் கேட்டதுதான் முதல் காரணம் என்றது அது. எளிதில் அகப்பட்டவர்கள், அரசியல் பேச ஆசையுள்ளவர்கள், இணையத்தில் பதில் போடுவதையே வழக்கமாகக் கொண்டவர்கள் அதிகம் சிக்கினார்கள். முதியவர்களும் தத்தம் வேலையில் மூழ்கியவர்களும் குறைந்து போனார்கள்.

இதற்குச் சாட்சியாக வேறொரு ஆய்வு கிடைத்தது. பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வு என்று 1983 முதல் நடந்துவரும் பெரிய ஆய்வு அது. அப்போது முகவரிப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் வீடுகளை எடுத்தார்கள். எடுத்த வீட்டில் ஆள் இல்லையென்றாலும் பக்கத்து வீட்டுக்குப் போகக்கூடாது என்று இருந்தது. அதே வீட்டுக்கு மறுபடி மறுபடி போக வேண்டியிருந்தது. 2015 தேர்தலுக்குப் பிறகு அப்படிக் கேட்டபோது பழமைவாதக் கட்சி 6 சதவீதம் முந்தியிருந்தது. உண்மை முடிவும் ஏறத்தாழ அதுவே.

பேராசிரியர் ஜான் கர்டிஸ் அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தார். முதல் முறை கதவைத் தட்டியதும் கிடைத்தவர்களிடம் தொழிற்கட்சி 6 சதவீதம் முந்தியிருந்தது. மூன்று முதல் ஆறு முறை நடந்த பிறகே அகப்பட்டவர்களிடம் பழமைவாதக் கட்சி 11 சதவீதம் முந்தியிருந்தது. ஒரே நாடு, ஒரே கேள்வி. ஒரு தடவை நடந்தவனுக்கு ஒரு பதில், ஆறு தடவை நடந்தவனுக்கு வேறு பதில்!

வாசக அன்பர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். கதவைத் தட்டியதும் அகப்படாதவர் யார்? வேலையில் இருப்பவர், பயணத்தில் இருப்பவர், கடையில் இருப்பவர். ஆக, கடைக்காரன் கணக்கில் வருவது துர்லபம்.

அப்படியானால் அன்றிரவு 10 மணிக்குச் சொன்ன கணக்கு மட்டும் எப்படி ஓரளவு நெருங்கியது? நாடெங்கும் சுமார் 140 வாக்குச்சாவடிகளின் வாசலில் நின்று, வாக்களித்து வருபவர்களில் இத்தனையாவது ஆள் என்று எண்ணி நிறுத்தி, வாக்குச்சீட்டைப் போலவே ஒரு சீட்டைக் கொடுத்து, ரகசியமாகப் பெட்டியில் போடச் சொல்கிறார்கள். சுமார் 20 ஆயிரம் சீட்டுகள் சேரும். ஆள் வாக்களித்தாரா என்ற சந்தேகம் இல்லை. வாயால் சொல்லும் கூச்சமும் இல்லை. கூடிய மட்டும் போன தேர்தலில் நின்ற அதே சாவடிகளிலேயே நின்று எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். 2005-இல் ஆளும் தொழிற்கட்சிக்கு 66 இடப் பெரும்பான்மை என்று இந்த முறையில் சொன்னது அட்சரம் பிசகாமல் பலித்தது. 2024-இல் தொழிற்கட்சிக்கு 410 என்றது. கிடைத்தது சபாநாயகர் நீங்கலாக 411. அதே 2024-இல் முன்கூட்டிய கணிப்புகள் வெற்றி யாருக்கு என்பதைச் சரியாகச் சொன்னாலும் தொழிற்கட்சியின் முன்னிலையை மிகைப்படுத்திவிட்டன.

கேள்வியில் இருக்கிறது சூட்சுமம்

ஆட்களைச் சரியாகப் பிடித்தாலும் கேள்வி கோணினால் பதில் கோணும். பி.பி.சி.யின் 'யெஸ், பிரைம் மினிஸ்டர்' என்ற புகழ்பெற்ற நகைச்சுவைத் தொடரில் 1986-இல் இதை அழகாகக் காட்டினார்கள். கட்டாய ராணுவச் சேவை வேண்டுமா என்று கேட்பதற்கு முன், இளைஞரின் ஒழுக்கம் கெட்டுவிட்டதா என்ற தோரணையில் நாலு கேள்வி கேட்டால் வேண்டும் என்பார். போர் அபாயத்தைப் பற்றி நாலு கேள்வி கேட்டால் அதே ஆள் வேண்டாம் என்பார். மூத்த அதிகாரி தன் கீழ் வேலை செய்பவருக்கு இதை நடத்திக் காட்டுவார். சிரிப்புக்காகச் செய்ததுதான், ஆனால் அத்தொழிலில் உள்ளவர்கள் இன்றும் அதை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள்.

அரசாங்கமே இந்தச் சூட்சுமத்தை உணர்ந்திருக்கிறது. 2014-இல் ஸ்காட்லாந்து தனிநாடாகலாமா என்று மக்களின் வாக்கெடுப்பு நடந்தது. "ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்க ஸ்காட்லாந்து அரசு முதலில் எண்ணியிருந்தது. ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டாலே ஆம் என்று சொல்லத் தூண்டும் என்று தேர்தல் ஆணையம் பரிசோதித்துக் கூறி, அந்தச் சொல்லை எடுக்க வைத்தது. முடிவில் தனிநாடு வேண்டாம் என்றவர்கள் 100-க்கு 55 பேர். 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் பற்றிய வாக்கெடுப்பிலும் அப்படியே. தொடர்ந்து இருக்கலாமா என்று மட்டும் கேட்பது சரியல்ல, இருப்பதா விலகுவதா என்று இரண்டையும் எழுது என்று ஆணையம் சொல்லி அவ்வாறே கேட்டார்கள். விலக வேண்டும் என்றோர் 51.9 சதவீதம்.

ஞாயிற்றுக்கிழமைக் கடை

இனி நம் தொழிலுக்கு நேராகத் தொடர்புடைய விஷயத்துக்கு வருவோம். பிரிட்டனைக் கடைக்காரர்களின் நாடு என்று சொல்வதுண்டு. மார்கரெட் தாட்சரே கிராந்தம் என்ற ஊரில் மளிகைக் கடை நடத்தியவரின் மகள்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கும் விஷயத்தில் 1986-இல் அவர் அரசு கொண்டுவந்த மசோதா 14 வாக்கில் பாராளுமன்றத்தில் தோற்றது. பிறகு 1994-இல் ஒரு சமரசச் சட்டம் வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கடைகள் ஞாயிறன்று காலை 10 முதல் மாலை 6-க்குள் ஆறு மணி நேரம் மட்டுமே திறக்கலாம். சிறு கடைகளுக்குத் தடை இல்லை.

நாம் தங்கியிருந்த வீட்டுக்கு அருகில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு தமிழரின் கடை இருந்தது. பால், ரொட்டி, பத்திரிகை முதல் நம்மூர் அரிசி, கருவேப்பிலை வரை வைத்திருப்பார். மாலையில் நடந்து போகையில் அங்கே சற்று நின்று பேசுவது நம் வழக்கம். அந்த ஜூலையில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்பார்ன், ஞாயிறு நேரத்தை நீட்டிக்கும் அதிகாரத்தை உள்ளூர் நிர்வாகங்களுக்குக் கொடுக்கப்போவதாக அறிவித்தார். மறுநாள் அவர் முகத்தில் களையே இல்லை.

"அண்ணை, பெரிய கடையள் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணித்தியாலம்தான் திறக்கலாம். காலமை பத்துக்கு முந்தியும் பின்னேரம் ஆறுக்குப் பிறகும் சனம் எங்களிட்டைத்தான் வரும். அதையும் எடுத்தால் நாங்கள் கடையைப் பூட்ட வேண்டியதுதான்" என்றார்.

மக்கள் இதை விரும்புகிறார்கள் என்று கணிப்பு சொல்கிறதாமே என்று கேட்டோம்.

"ஆரைக் கேட்டவையோ தெரியாது. என்னட்டை ஒருதரும் வந்து கேக்கேல்லை. வந்தாலும் ஆர் வீட்டிலை இருக்கிறது? நானும் மனிசியும் விடிய அஞ்சு மணிக்கு வந்தால் ராப் பத்துக்குத்தான் போறது."

அந்த விவாதத்தில் இரு தரப்பாரும் கையில் ஒரு கணிப்பை வைத்திருந்தார்கள். கடைக்கு எப்போது போகலாம் என்று தீர்மானிக்கும் சுதந்திரம் வேண்டுமா என்று கேட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? சிறு கடையையும் ஊழியர் ஓய்வையும் காக்கும் இப்போதைய ஏற்பாடு நியாயமானதுதானே என்று கேட்டால் யார் இல்லை என்பார்கள்? சிறு கடைக்காரர்கள் அழுதுகொண்டு உட்காராமல், தங்கள் சங்கத்தின் மூலம் தாங்களே ஆய்வு நிறுவனத்தை வைத்துக் கணிப்பு எடுத்து, உறுப்பினர்களின் தொகுதி எம்.பி.க்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தொழிற்சங்கங்களும் தேவாலயங்களும் சேர்ந்துகொண்டன. 2016 மார்ச் மாதம் பாராளுமன்றத்தில் அந்தத் திட்டம் 317-க்கு 286 என்ற வாக்கில் தோற்றது. ஆளுங்கட்சி உறுப்பினர்களிலேயே இருபதுக்கும் மேற்பட்டோர் எதிர்த்து வாக்களித்தனர். நமது யாழ்ப்பாண நண்பரின் கடைக்கு ஞாயிறு மாலை மிஞ்சியது.

நம் மனத்தை உறுத்தும் ஒரு கணக்கு

"என்னட்டை ஒருதரும் கேக்கேல்லை" என்று அவர் சொன்ன சொல் நம்மைச் சும்மா விடவில்லை. அதே சொல்லை நாம் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் நிர்வாகக் குழுவில் இருந்த ஓர் ஊர்ச் சங்கத்தில், ஞாயிறு முழு விடுமுறை விடலாமா என்று பேச்சு வந்தது. உறுப்பினர் 260 பேர். மாலை 5 மணிக்குக் கூட்டம் என்று சுற்றறிக்கை அனுப்பினோம். வந்தவர்கள் ஐம்பது பேருக்கு மேல் இல்லை. பெரும்பாலும் நம்மைப்போல் கணக்குப்பிள்ளையும் ஆட்களும் வைத்திருக்கும் மொத்த வியாபாரிகள். கையைத் தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் உயர்ந்தது. தூக்கிய கைகளில் நம்முடையதும் ஒன்று. ஏகமனதாக நிறைவேறியது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம்.

பேருந்து நிலையத்தை ஒட்டிய சிறு கடைகளுக்கு ஞாயிறு வியாபாரம்தான் வாரத்தில் பாதி என்பதை நாம் எண்ணவில்லை. மாலை 5 மணிக்குக் கடையை விட்டு அவர்களால் வர முடியாது என்பதையும் எண்ணவில்லை. ஒரு வருடத்துக்குள் பலர் சங்கத்தை விட்டு விலகினர். இருபது வருடம் நம்மிடம் சரக்கு எடுத்த ஒரு சிறு வியாபாரி, கடையை மூடிவிட்டு நிலுவையைத் தீர்க்க வந்தார். கடைசி ரூபாய் வரை எண்ணி வைத்துவிட்டு, "அண்ணாச்சி, என்னை யாருமே ஒரு வார்த்தை கேட்கலையே" என்றார். அவர் மூடியதற்கு ஞாயிறு விடுமுறை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் கேட்டதற்கு நம்மிடம் பதில் இல்லை. பேரேட்டில் அவர் கணக்கு நேராகிவிட்டது. நம் கணக்கு இன்னும் நேராகவில்லை.

ஒரே எடைக்கல்

கருத்துக்கணிப்பு என்றாலே பித்தலாட்டம் என்று ஒதுக்கவும் கூடாது. முறையாகச் செய்தால் அதைப்போல் உதவுவது வேறில்லை. முன்னே சொன்ன சமூக மனப்பான்மை ஆய்வில் சில கேள்விகளை வார்த்தை மாறாமல் ஆண்டுக்கணக்காகக் கேட்கிறார்கள். ஒரே எடைக்கல்லில் நிறுத்தால்தானே போன வருட எடையோடு ஒப்பிட முடியும்?

அப்படி நிறுத்ததில் தெரிந்தவை வியப்பானவை. ஒருபால் உறவு எப்போதுமே தவறு என்றவர்கள் 1987-இல் 100-க்கு 64 பேர்; 2012-இல் 22 பேர். மறு ஆண்டு, 2013-இல், ஒருபால் திருமணச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிறைவேறியது. எந்த மதமும் இல்லை என்றவர்கள் 1983-இல் 31 பேர். 2018-இல் 52 பேர். இலவச வைத்தியம் தரும் தேசிய சுகாதாரச் சேவையில் திருப்தி என்றவர்கள் 2010-இல் 70 பேர். 2024-இல் 21 பேர். இப்படிப்பட்ட சரிவைக் கண்ட பிறகு எந்த அமைச்சரும் எல்லாம் நலமே என்று சொல்ல முடியாது. வேறொரு நிறுவனம், எந்தத் தொழில்காரர் உண்மை பேசுவார் என்று நம்புகிறீர்கள் என்று 1983 முதல் கேட்டு வருகிறது. 2023-இல் அரசியல்வாதிகளை நம்பியவர்கள் 100-க்கு 9 பேர்தான்!

பொறுப்பை வலியுறுத்த 2004-இல் கணிப்பு நிறுவனங்களே சேர்ந்து பிரிட்டிஷ் போலிங் கவுன்சில் என்ற அமைப்பை உண்டாக்கின. யார் பணம் கொடுத்தது, எத்தனை பேரை எந்தத் தேதியில் எந்த முறையில் கேட்டது, கேள்வியின் சரியான வார்த்தை என்ன என்பனவற்றை உறுப்பினர்கள் வெளியிட வேண்டும். பில்லில் எடை, விலை, தேதி போட வேண்டும் என்பது போன்ற விதி.

வணிகர்கள் கேட்க வேண்டியவை

இனி எந்தக் கணிப்பைப் பார்த்தாலும், அது தேர்தலைப் பற்றியதானாலும் வரியைப் பற்றியதானாலும் கடை நேரத்தைப் பற்றியதானாலும், நம் உறுப்பினர்கள் கீழ்க்கண்டவற்றைக் கேட்டுப் பார்க்கும்படி வேண்டுகிறோம்:

1. பணம் கொடுத்தவர் யார்? சரக்குக்கு நற்சான்று கொடுப்பவர் சரக்கின் சொந்தக்காரராக இருக்கக்கூடாது.

2. எத்தனை பேரை, எப்படிப் பொறுக்கினார்கள்? முறையாகப் பொறுக்கிய 1000 பேர் போதும்; அதிலும் 3 சதவீதம் அப்படி இப்படி இருக்கும். வந்தவரை எல்லாம் சேர்த்த லட்சம் பேரால் பயன் இல்லை.

3. கேள்வியின் வார்த்தை என்ன? அதற்கு முன் என்ன கேட்டார்கள்?

4. எப்போது கேட்டார்கள்? பழைய நிலவரம் இன்றைய விலைக்கு உதவாது.

5. யார் விட்டுப்போனார்கள்? இதுவே எல்லாவற்றிலும் முக்கியம்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றார்கள் நம் பெரியவர்கள். பானையை நன்றாகக் கிளறியபின் எடுத்த சோறாக இருந்தால் அது முற்றிலும் உண்மை. கிளறாத பானையில் மேலே வெந்திருக்கும், நடுவில் அரிசியாக இருக்கும்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். முக்கியமான எந்தத் தீர்மானத்துக்கும் முன்னால், கூட்டத்துக்கு வராதவர்களின் பெயர்களைக் குலுக்கிப் போட்டு இருபது பேரை எடுத்து, மதியம் கடை ஓய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து நேரில் போய்க் கேளுங்கள். ஆள் இல்லையென்றால் மறுபடி போங்கள். உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. சங்கத்திலிருந்து படிவம் வந்தால் அதைக் கல்லாப் பெட்டிக்கு அடியில் போட்டுவிடாமல் அன்றே நிரப்பி அனுப்புங்கள். பதில் வராத கடையைப் பூட்டிய கடையாகவே எண்ணிக்கொண்டு தீர்மானம் எழுதுவார்கள். நாமே அப்படி எழுதியிருக்கிறோம்.